நாடி பிடித்த பாடகர்

கேள்வி: டாங்கோ என்றாலே கார்லோஸ் கார்டெல்தானா? வேறு யாரையாவது சொல்லுங்களேன்!

பதில்: ஆல்பெர்த்தோ காஸ்தில்யோவைக் கேட்டுப் பாருங்கள். 1914-இல் புவனோஸ் அயர்ஸில் பிறந்தவர். படித்துத் தேறிய மகளிர் மருத்துவர்! பகலில் கிளினிக், இரவில் ரிக்கார்தோ தான்துரியின் இசைக்குழு. பாட்டில் கிறங்கிய பெண்கள் கிளினிக் வாசலில் குவிய, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவைத்துவிட்டு மைக்கோடு நின்றுவிட்டார். மேடையில் அகல மடிப்புக் கோட்டு, தளர்ந்த டை, பையிலிருந்து வழியும் கைக்குட்டை. மைக்கைச் சாய்த்துப் பிடித்து, பேப்பர் விற்கும் பையன் கூவுவதுபோல் வாயோரம் கைவைத்துப் பாடுவார். பேட்டை ஜனங்கள் 'நம்ம ஆளு' என்று கொண்டாடினார்கள். ஆடுபவர்களின் கால் தவறாதபடி தாளத்தில் அப்படியொரு சுத்தம்! டாக்டர் இல்லையா? ஊரின் நாடியையே பிடித்துவிட்டார்!