கடாரத்துக் கைப்பெட்டி: ஏழு கிலோவின் பொருளிலக்கணம்

கடாரம் என்ற சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இன்று கெடா என்று நாம் சொல்லும் மலேசிய மாநிலம். மற்றது, கல்யாண வீட்டுக் கொல்லையில் சாம்பார் கொதிக்கும் கொப்பரை. 1025இல் படை கடல் தாண்டி வந்து போனபின் இராசேந்திர சோழனுக்குக் 'கடாரங்கொண்டான்' என்று பெயர் ஏற்பட்டது. வரலாற்றாசிரியர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். இக்கட்டுரையாளருக்கோ கொப்பரையின் மேல் ஒரு கண். ஊருக்குத் திரும்புகிறவன் வெறுங்கையோடு போனதாக எங்கள் குடும்ப வரலாற்றிலேயே சான்றில்லை; பேரரசன் மட்டும் எப்படிப் போயிருப்பான்? மெய்க்கீர்த்தியும் யானை, குவித்த செல்வம், வித்தியாதரத் தோரணம், மணி பதித்த வாயில் என்று பட்டியல் போடுகிறது. வாயிலை மடித்து 56 சென்டிமீட்டர் நீளம், 36 அகலம், 23 கனத்துக்குள் வைக்க முடியாது. அது கப்பலின் அடித்தளத்தில் போயிருக்க வேண்டும்.

இந்த 56, 36, 23 என்பவை மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பெட்டிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவுகள். எடை 7 கிலோ. சோழப் படை திரும்பிப் போன அதே திசையில் கெடாவின் சுங்கைப்பட்டாணிவாசி இன்று போகும்போது அவனுக்கு அனுமதிக்கப்பட்டிருப்பது இவ்வளவுதான். இதற்குள் எப்படித் திறம்பட அடுக்குவது என்று உலகமெங்கும் ஆலோசனை சொல்கிறார்கள். துணியைச் சுருட்டு என்பது ஒரு கட்சி, தட்டையாக மடி என்பது இன்னொரு கட்சி. சுருட்டினாலும் மடித்தாலும் வேட்டி வேட்டியின் எடைதான் இருக்கும் என்பதை இரு கட்சியும் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பெட்டியில் இருப்பது பெட்டிக்காரனின் சாமான் என்று இவர்கள் நினைக்கிறார்கள். கெடாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் கைப்பெட்டியில் பெட்டிக்காரனுக்குச் சொந்தமானது பூட்டும் சாவியும் மட்டுமே. அடுக்கும் கலையை அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, பந்தியில் பரிமாறுகிறவனுக்குச் சாப்பிடும் முறையைக் கற்பிப்பது போல.

நம் இலக்கண மரபுப்படி முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்து இதை ஆராய்வோம்.

முதற்பொருள் என்பது இடமும் காலமும். காலம், புறப்படுவதற்கு முந்தைய இரவு பத்து மணி. இடம், வரவேற்பறைத் தரையில் விரித்த பாய். பெட்டியின் கொள்ளளவைப் பெருக்கிப் பார்த்தால் 46,368 கன சென்டிமீட்டர், அதாவது 46 லிட்டர் சொச்சம். இதில் 7 கிலோதான் வைக்கலாம் என்றால் லிட்டருக்கு 150 கிராம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதை விடுங்கள். எங்கள் மாநிலத்தை ஆளாக்கிய ரப்பர் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் இலேசு. பெட்டி நிறைய ரப்பர் ஷீட் அடுக்கினால் 42 கிலோ வரும். புட்டி மூடும் தக்கைகூட இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆக, விதியை மீறாமல் பெட்டியை நிறைக்கக்கூடிய பொருள் இலவம் பஞ்சுதான். பெட்டியே இரண்டு கிலோவுக்கு மேல் எடை என்பதைச் சேர்த்தால் பஞ்சையும் பார்த்துத்தான் போட வேண்டும். இலவு காத்த கிளி உண்மையில் ஏமாறவில்லை. விமானத்துக்குத் தயாராக இருந்திருக்கிறது.

இந்த வறுமை எப்போதும் இருந்ததில்லை. 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து வந்தார்கள். அந்தப் பெட்டியை யாரும் தராசில் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் கங்காணியோடு வந்தவர்களின் பெட்டியில் எடைபோட என்ன இருந்தது? இரண்டு சேலை, ஒரு பித்தளைச் செம்பு, கொஞ்சம் மண். அளவில்லாத அனுமதி இருந்தபோது சாமான் இல்லை. சாமான் வந்தபோது அனுமதி 7 கிலோ. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு இந்தக் கடல்வழி முடிந்தது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்தபோது, கோலாலம்பூர் வரை போகும் அலைச்சல் மிச்சம் என்று சுங்கைப்பட்டாணியில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். மிச்சமான அலைச்சல் அத்தனையும் பொட்டலமாக மாறிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

இனி கருப்பொருள். இத்திணைக்குரிய கருப்பொருள்களில் தலையாயது கோடாலித் தைலம். ஓமப்பொடி இல்லாத தீபாவளியைத் தமிழ்நாட்டு உறவினர் மன்னிப்பார்கள். தைலம் இல்லாத மலேசியாக்காரனை மன்னிக்க மாட்டார்கள். 2006இல் லண்டனில் விமானத் தகர்ப்புச் சதி ஒன்று பிடிபட்டபின், 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டிகளைக் கையில் கொண்டுபோகக் கூடாது, இருப்பவற்றையும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பையில் போட வேண்டும் என்று விதி வந்தது. கோடாலித் தைலத்தின் பெரிய புட்டியே 56 மில்லிதான். சிங்கப்பூரில் அதைத் தயாரித்தவர்கள் இதை எத்தனையோ ஆண்டு முன்பே ஞான திருஷ்டியில் கண்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் பையில் பத்துப் புட்டி தாராளம். பயணியின் பற்பசைக்கு இடமிருக்காது. அது ஊரில் கிடைக்கும்.

அடுத்தது மைலோ. ஒரு கிலோ பொட்டலம் என்பது அனுமதியில் ஏழில் ஒரு பங்கு. அதன் பிறகு கைலி. இதை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்கட்' என்கிறார்கள். பெலிக்கட் என்பது பழவேற்காடு. ஒரு காலத்தில் அங்கிருந்து கப்பலேறிய துணி ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அலோர் ஸ்டாரில் அதைப் பேரம் பேசி வாங்கி மாமாவுக்கென்று சென்னைக்குக் கொண்டுபோகிறோம். பழவேற்காடு அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மாமா துணியைத் தடவிப் பார்த்து, "ஃபாரின் சரக்கு ஃபாரின் சரக்குதான்" என்பார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களில் காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்றால் கடாரம் என்பது உரை. அகராதியைப் புரட்டினால் காழகத்துக்கு ஆடை என்றும் ஒரு பொருள். அந்தப் பழந்துறையில் இறங்கியதும் யாரோ ஒரு மாமாவுக்கான கைலிதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்.

அடுக்கும் கலையில் கெடா எட்டிய உச்சத்தை மெர்போக்கில் பார்க்கலாம். குனோங் ஜெராய் மலையடியில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டி, சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலடித்தளம் இருக்கிறது. 1959, 60இல் அலஸ்டேர் லாம்ப் அதைத் தோண்டியபோது கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே குழிகளாகக் குடைந்து, குழிக்குள் செப்புக்கலம், மணி, பொன் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இன்று கடைகளில் பெட்டிக்குள் வைக்கும் அறைப்பைகளைப் புதுமை என்று விற்கிறார்கள். அதன் மூத்த வடிவம் கருங்கல்லில் எங்களிடம் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு மயிரிழை இடம் வீணாகவில்லை. அதைவிட மெச்ச வேண்டியது, மூடிய கையோடு அதைக் கோயிலுக்கடியில் புதைத்துவிட்டார்கள். பெரியம்மா வருவதற்குள் பெட்டியை மூட இதைவிட உறுதியான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பெரியம்மா வருகிறார் என்றால் நாம் உரிப்பொருளுக்கு வந்துவிட்டோம்.

இரவு பத்தேகால். பெட்டி 6.8 கிலோ காட்டி, ஜிப் போட்டாயிற்று. வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம்.

"தம்பி, தூங்கிட்டியாய்யா? இந்தா, இது ஒன்னும் வெயிட்டு இல்ல."

"பெரியம்மா, பெட்டி மூடியாச்சு."

"மூடினா என்ன, தெறக்க முடியாதா? சும்மா ஓரத்துல வச்சுக்க."

நாளிதழில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் ரப்பர் வளையம். உள்ளே நெத்திலிக் கருவாடு. வாசனைக்கு எடை கிடையாது என்பது உண்மைதான். 'ஓரம்' என்ற சொல்லை இங்கே ஆராய வேண்டும். செவ்வகப் பெட்டிக்கு மூலைகள் 8, விளிம்புகள் 12. ஆகக் கூடினால் 20 ஓரம். அன்றிரவு பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டுத் தாத்தா ஆகியோர் ஓரத்தில் வைக்கச் சொன்ன பொருள்கள் 23. மீதி மூன்று ஓரங்கள் எங்கே இருக்கின்றன என்பது வடிவியலுக்கு இன்னும் புலப்படவில்லை. 'ஒன்னும் வெயிட்டு இல்ல' என்ற வாக்கியமும் பொய்யல்ல. கொடுக்கிற கைக்கு எடை தெரியாது. அந்தக் கை முப்பது வருடமாக அக்காள் மகளைப் பார்த்ததில்லை. கருவாட்டுப் பொட்டலம் அதற்குக் காகிதம் போலத்தான் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் நிபுணர் கருத்து தேவைப்பட்டது. எங்கள் பாட்டி டப்ளினில் பிறந்து, ஹார்வர்டில் இருபத்தெட்டு ஆண்டு பணியாற்றியவர். இரண்டும் கெடாவின் ரப்பர் தோட்டங்கள். ஒன்று கூலிம் பக்கம், மற்றது பீடோங்கில். இருட்டிலேயே எழுந்து மரம் வெட்டி, பாலெடுத்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்தவர். அங்கே பாலை நிறுப்பார்கள்; தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று அளவுக் குழல் போட்டுப் பார்ப்பார்கள். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். கூலி அதற்குத்தான், தோள் வலி முழுப் பாலுக்கும். தராசு சொல்வதற்கு முன்னால் தோள் சொல்லிவிடும் என்பார்.

பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு விரலால் பெட்டியின் பிடியைத் தூக்கினார். தரையிலிருந்து நாலு விரற்கடை. இறக்கினார்.

"எட்டே கால்."

தொங்கு தராசில் மாட்டினேன். 8.3 காட்டியது. பாட்டி தராசைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அதன்பின் நடந்தது வடிகட்டல். என் சட்டைகள் வெளியே போயின. என் சப்பாத்து வெளியே போனது. படிக்க வைத்திருந்த புத்தகம், "அங்கதான் புத்தகம் விக்குதே" என்ற வாதத்தில் தோற்றது. மூன்று கைலியை ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்சட்டைக்கு மேல் கட்டிப் பார்த்தோம். கவுண்டர் தராசு பெட்டியைத்தான் நிறுக்கும், பயணியை நிறுக்காது என்பது இத்துறையின் பொன் விதி. இதே விதியால்தான் எங்கள் பெண்கள் கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுச் சேலையையும் நகையையும் பெட்டியில் வைக்காமல் உடம்பிலேயே கொண்டுபோகிறார்கள். அதை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாது. காலையில் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது நான் மூன்று சுற்று அகலமாயிருந்தேன். பெட்டி 6.9.

திரும்பும் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காலியாக வரும் என்று நம்பியவன் இத்துறைக்குப் புதியவன். அப்பளம், வற்றல், நார்த்தங்காய் ஊறுகாய், திருநீறு, பெரியம்மாவின் அக்காள் மகள் கொடுத்த முறுக்கு. கடைசியாகப் பழனிப் பஞ்சாமிர்தம், பாட்டிக்கென்று, அரைக் கிலோ டப்பா. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி டப்பாவை வெளியே எடுத்தார்.

"இது என்ன சார், திரவமா, திடமா?"

யோசித்தேன். வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய். ஐந்தையும் தனித்தனியே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சேர்ந்தபின் அது எதுவென்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது? அவரும் யோசித்தார். டப்பாவை லேசாகச் சாய்த்தார். அது நகரவும் நகர்ந்தது, நகராமலும் நின்றது. பின்னால் வரிசை நீண்டது. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கையில் வாங்கினார். இருவரும் மூடியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார்கள், விதிப் பட்டியலைப் பார்த்தார்கள். பிசுபிசுப்பாக இருப்பதும் திரவக் கணக்குத்தானாம்.

"வேணும்னா இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க சார்."

பின்னால் நின்ற ஆறு பேரும், அதிகாரிகள் இருவரும், நானுமாக ஒன்பது பேர். டப்பா காலி. பாட்டிக்கு மூடியை மட்டும் கொண்டுவந்தேன். விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, எத்தனை கிராம் இருந்தது என்று சொன்னார்.