நடுமூளையும் மூக்கோரச் சந்தும்

வா கண்ணு, இப்படித் திண்ணையில ஒக்காரு. உம் புள்ளைக்கு நடுமூளையைத் தொறக்கப் போறியாமே? ஏன்டா, அது இன்னா கொளவாய் ஏரி மதகா, துட்டு குடுத்தா தொறந்து வுடறதுக்கு?

எங்க வூட்லயும் இந்தக் கூத்து நடந்துச்சு. எம் பையன், பேராண்டியைக் கொண்டுபோய் ஒரு கிளாசுல சேத்தான். ரெண்டே நாளு. கட்டின துட்டுல ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம். வளந்து பாலாவது குடுத்திருக்கும். கண்ணைக் கட்டிக்கினு பய பேப்பர் படிச்சான், ரூபா நோட்டு நெம்பரைச் சொன்னான். கூடியிருந்ததுங்க எல்லாம் கைதட்டுச்சு. நான் அவன் மோவாயைப் பாத்தேன். ஏன் அது, ஆடு தழைக்கு எக்கறாப்புல மேல போய்க்கினே இருக்குது?

பேப்பரை அவன் நெத்திக்கு மேல புடிச்சேன். வாயடைச்சிப் போச்சு. சப்பாத்திக்குப் பிசைஞ்ச மாவுல ஒரு உருண்டை எடுத்து, மூக்கோரமா துணி தூக்கின சந்துல அப்பினேன். மறுபடி பேப்பரைக் கையில குடுத்தேன். தலைகீழா புடிச்சிக்கினு நிக்கறான்! பகுத்தறிவு பேசற மங்களூரு நரேந்திர நாயக் ஊரூரா போயி போட்டு ஒடைச்சதும் இந்த மூக்குச் சந்தைத்தான்.

எதிர் வூட்டுப் பொண்ணு செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜுல படிக்குது. அதைக் கூப்ட்டுக் கேட்டேன். நடுமூளைன்றது ஒரு அங்குலம்கூட நீளமில்லாத தண்டாம். வெளிச்சம் பட்டா கண்ணுப் பாப்பா சுருங்கறது, சத்தம் கேட்டா சட்டுனு தலை திரும்பறது, முழிச்சிருக்கிறது, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்குதாம். அதுக்குள்ள கருப்பா ஒரு திட்டு. அங்க இருக்கிற உயிரணுவெல்லாம் சாவச் சாவத்தான் எங்க மாதிரி கெழவனுக்கு நடுக்குவாதம் வருதாம். அது மூடிக் கெடந்தா உம் புள்ள காலையில கண்ணு முழிக்குமா? கிளாசுக்கு நடந்து போவுமா? ஓடற மோட்டாருக்குச் சுவிச்சு போட்டுட்டேன்னு ஒருத்தன் கூலி கேக்கறான், நீயும் குடுக்கறே!

பார்வை கண்ணுல புகுந்து, நரம்பு வழியா பிடரிப் பக்கம் போயிதான் படமாவுதாம். கண்ணுல வெளிச்சமே புகலைன்னா பிடரி எதைப் பாக்கும்? தபால்காரன் தெருவுக்கே வரல, வூட்டுக்குள்ள ஒக்காந்து கடுதாசி படிப்பியா?

மெட்ராஸ் ஐஐடியில மூளைக்குன்னே ஒரு மையம் வெச்சிருக்காங்க. வயித்துல இருந்த சிசுங்களோட மூளையை வெங்காயச் சருகைவிட மெலிசா சீவி, 5,132 சீவலைப் படம் புடிச்சாங்க. 2024 டிசம்பருல ‘தரணி’ன்னு பேரு வெச்சு உலகத்துக்கே சும்மா குடுத்தாங்க. அவ்ளோ பாடுபட்டவங்க ‘படம் போட்டிருக்கோம்’ன்றாங்க. ரெண்டு நாள் கிளாஸுக்காரன் ‘பூட்டைத் தொறந்துட்டேன்’றான். யாருக்கு வாய் பெருசு?

அப்போ மூளையை மாத்தவே முடியாதான்னு மொறைக்காத. மாறும்டா. லண்டன்ல டாக்ஸி ஓட்டறவங்க தலையை ஸ்கேன் பண்ணி 2000ல ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. வழியை ஞாபகம் வெச்சுக்கிற பாகத்துல பின்பக்கம் மத்தவங்களைவிடப் பெருசாம். வருசக்கணக்கா தெருத்தெருவா சுத்தின கூலி அது. அவ்ளோ தூரம் ஏன் போவணும்? மாமல்லபுரத்துல கல்லு அடிக்கிற பசங்களைப் பாரு. மொதல்ல உளிக்குப் பதிலா விரல்ல அடி வுழும். நாலு வருசம் போனா, பேசிக்கினே செதுக்கறான். கை தன்னால போவுது. தழும்பு விரல்ல, பாடம் மூளையில.

பேராண்டியைத் தனியா கூப்ட்டு, “ஏன்டா சந்துல பாத்ததைச் சொல்லல?”ன்னேன். “அப்பா துட்டு கட்டிட்டாரு தாத்தா, பாவம்”ன்னான். அந்தப் புள்ள மூளைக்கு இன்னாடா கொறை?

ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி மாமல்லபுரம் போ. அர்ச்சுனன் தபசுப் பாறையில, யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கிக்கினு தவம் பண்ணும். காலடியில எலிங்க. பல்லவன் 1,300 வருசத்துக்கு முந்தியே செதுக்கி வெச்சான். புள்ளைக்கு அதைக் காட்டு. கண்ணைக் கட்டாம காட்டு.