அரையாண்டு விடுமுறையும் அரைத்தொன்னைப் பொங்கலும்: ஒரு பற்றாக்குறைக் கோட்பாடு

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டை மூன்று விடுமுறைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன: செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, சித்திரை வெயிலோடு வரும் முழுஆண்டு. அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமசை ஒட்டி வந்து, புத்தாண்டு பிறந்த கையோடு போய்விடும். கூட்டிக் கழித்தால் ஒன்பது பத்து நாள் தேறும். ஆனாலும் தலை நரைத்த யாரையாவது உட்காரவைத்துச் சிறுவயது விடுமுறையைப் பற்றிப் பேசச் சொன்னால், மாம்பழக் காலத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு இந்தப் பத்து நாளை முக்கால் மணிநேரம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் தவறாமல் வருபவை மார்கழி விடியல், கோயில் வரிசை, தொன்னைப் பொங்கல். பள்ளி நாளில் ஏழு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் புரண்டு படுத்த பிள்ளை, பள்ளியே இல்லாத நாளில் நாலரைக்கு எழுந்து குளித்து, நெற்றியில் திருமண்ணோ திருநீறோ துலங்கக் கோயில் வாசலில் போய் நின்றது எப்படி? கல்வித்துறையும் அறநிலையத்துறையும் இதுவரை கவனிக்காமல் விட்ட இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். நமது முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம்: அந்தப் பருவத்தில் கிடைத்த எதுவுமே போதவில்லை, அதனால்தான் அது இன்றுவரை இனிக்கிறது. இதைப் பற்றாக்குறைக் கோட்பாடு என்று அழைப்போம்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது கத்திரி வெயிலில் என்று நம்புவோர் பலர். உண்மையில் அது சனவரி முதல் வாரத்தில் நிகழ்கிறது. கதிரவனை நெருங்கும் கோள் விரைந்து ஓடும் என்பது கெப்ளரின் இரண்டாம் விதியிலிருந்து வருவது. சூலையில் நொடிக்கு 29.3 கிலோமீட்டர் செல்லும் பூமி, சனவரியில் 30.3 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே கதிரவன் தனுசு ராசியைக் கடந்துவிடும் காலம் மிகக் குறைவு. ஆனி மாதம் 32 நாள்வரை நீளும்போது மார்கழி 29 அல்லது 30 நாளில் மூட்டை கட்டுவது இதனால்தான். "அதுக்குள்ள லீவு முடிஞ்சுபோச்சே" என்று அழுத பிள்ளையிடம் "எல்லாம் உன் நினைப்பு" என்று சொன்ன பெரியவர்கள் வானியல் அறியாதவர்கள். பிள்ளையின் கணக்கே சரி. இரவெல்லாம் விழித்துப் பரமபதம் ஆடக் கிடைத்த ஒரே நாளான வைகுண்ட ஏகாதசியும் இந்தச் சிக்கனத்துக்கு விலக்கில்லை. 2023இல் அது சனவரி 2ஆம் தேதியும் டிசம்பர் 23ஆம் தேதியுமாக இருமுறை வந்தது. 2024இல் ஒருமுறைகூட வரவில்லை. விடுமுறைக்குள் அது விழுமா விழாதா என்பதைப் பஞ்சாங்கம் வந்த அன்றே பிள்ளைகள் புரட்டிப் பார்த்ததைப் பெரியவர்கள் சமய ஆர்வம் என்று தவறாக எண்ணினார்கள்.

அடுத்தது குளிர். இங்கே பற்றாக்குறை நகைப்புக்குரிய அளவில் இருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் சனவரி இரவின் சராசரித் தாழ்வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கிறது. உலகின் பல நகரங்களில் இதை இளவேனில் என்பார்கள். நம் சமவெளியில் மார்கழியில் உறைந்த ஒரே பொருள் தேங்காய் எண்ணெய்தான். 24 டிகிரி வாக்கிலேயே அது கட்டியாகத் தொடங்கும். காலையில் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழாததைக் கண்டு, "என்ன குளிர்!" என்று வீடே வியந்தது. குச்சியை விட்டுக் குடைந்தெடுத்த அந்த எண்ணெயே நமக்கு வாய்த்த பனிப்பொழிவு. விடியற்காலைக் குளியலைப் பெருந்தவமாகச் சொல்பவர்களும் அதே மூச்சில் "கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்" என்று சேர்த்துச் சொல்லித் தங்கள் வாதத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். நிலத்தடி நீர் ஆண்டின் சராசரி வெப்பத்திலேயே நிற்பது. வெளிக்காற்று சற்றுத் தணிந்தவுடன் அது வெந்நீராகத் தோன்றும். ஆகக் குளிரும் அரைகுறை, தவமும் அரைகுறை. உதகைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே உறைபனியில் புல்வெளி வெளுக்கும், தேயிலை கருகும். குளிர் அங்கே தட்டுப்பாடில்லாமல் கிடைப்பதால், அதைப் பற்றிய பேச்சில் விறகுச் செலவே முன்னால் வந்து நிற்கும். நம் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எதிர்முனைச் சான்று வேண்டியதில்லை.

இனி மையப் பொருளுக்கு வருவோம். தனுர் மாதப் பூசை முடிந்ததும் மடைப்பள்ளியிலிருந்து வந்த பொங்கல், வாழைமட்டைத் தொன்னையிலோ மந்தாரை இலைத் தொன்னையிலோ, அதுவும் தீர்ந்தால் கிழித்த இலைத்துண்டிலோ வைக்கப்பட்டது. அளவு என்று பார்த்தால் மூன்று விரல் அள்ளினால் தீர்ந்துவிடும். ஒரு மிளகு வந்தால் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முந்திரி வந்தவன் அதைப் பக்கத்தில் நின்றவனுக்குக் காட்டிவிட்டுத்தான் தின்றான். திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் ஆண்டாள் பேசுவது முழங்கை வழியாக ஒழுகும் நெய்யை. தொன்னையில் வந்த நெய்யோ மார்கழிக் காற்றில் இறுகி இலையோடு ஒட்டிக்கொள்ள, அதை நகத்தால் சுரண்டியவர்களே உண்டு. அந்தப் பாசுரத்துக்குரிய கூடாரவல்லி நாளில் அக்காரவடிசில் பாலும் வெல்லமும் நெய்யுமாகக் குழைந்து வரும் என்பது உண்மைதான். ஆனால் மார்கழி 27 என்பது சனவரி 11ஐ ஒட்டி வருவது. அதற்குள் பள்ளி திறந்து, விடைத்தாள் கைக்கு வந்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் கவலையும் தொடங்கியிருக்கும். ஆகச்சிறந்த பொங்கல் விடுமுறைக்கு வெளியே போய் விழும்படி காலமே ஏற்பாடு செய்திருக்கிறது. இத்தனை குறைந்த அளவே இரண்டாம் முறை வரிசை என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. இதை வைத்து, நெடுங்காலமாக விளக்கப்படாமல் கிடக்கும் இன்னொரு புதிரையும் விடுவிக்கலாம்: 20 டிகிரியில் குரங்குக் குல்லா எதற்கு? குளிருக்கு என்று சொல்வதை மேலே தந்த வெப்பநிலை ஏற்கவில்லை. முகத்தில் முக்கால் பங்கை மறைக்கும் ஓர் உடை, பொங்கல் வழங்கும் பட்டரிடம் மறுபடியும் போய்க் கைநீட்ட வேண்டியவனுக்கே இன்றியமையாதது. ஒரே குல்லாவை அண்ணனும் தம்பியும் மாறி மாறி அணிந்ததற்கும் இதுவே பொருள். வீட்டில் வறுமை என்று கொள்வது மேலோட்டமான பார்வை.

எழுந்ததற்குக் காரணம் பக்தியே என்று வாதிடுவோர் உண்டு. பக்தியை நாம் மறுக்கவில்லை. அதன் நேர ஒழுங்கைத்தான் ஐயுறுகிறோம். முப்பது பாசுரம் ஓதும் இடத்தில் சாற்றுமுறை நெருங்கும்போது பிள்ளைகளின் எண்ணிக்கை திடீரெனப் பெருகுவானேன்? மேலும், இதே பிள்ளைகள் டிசம்பர் 25ஆம் தேதி காலை, காகித நட்சத்திரம் தொங்கும் வீடுகளின் வாசலில் காரணமில்லாமல் பந்து விளையாடினார்கள். அங்கிருந்து தட்டில் துணி மூடி வந்த பிளம் கேக்கும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத துண்டுதான். வீட்டில் நான்கு பேர் இருந்தால் அதையும் நான்காக வெட்ட வேண்டும். தெய்வம் மாறியபோதும் அளவு மாறவில்லை, இனிமையும் மாறவில்லை. இன்னொரு சாரார் ஒலிபெருக்கியைக் கைகாட்டுவார்கள். எம்.எல்.வசந்தகுமாரி குரலில் திருப்பாவை தெருவெல்லாம் கேட்டபோது யார்தான் தூங்க முடியும் என்பது அவர்கள் வாதம். ஆடி மாதத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஆடியில் இதைவிட உரக்கவே முழங்கும். ஓசைக்கு எழும் பிள்ளைகள் என்றால் ஆடி முழுவதும் பள்ளிக்கு நேரத்தோடு போயிருக்க வேண்டும். வருகைப் பதிவேடு அப்படி ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை.

நம் கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை காலாண்டு விடுமுறைதான். அதுவும் தேர்வு முடிந்து வருவது, அதுவும் சில நாளே நீடிப்பது. பற்றாக்குறைதான் காரணமென்றால் அதைப் பற்றியும் பெரியவர்கள் உருக வேண்டாமா? வலுவான தடை இது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டி வரும் என்பதைக் கருதவேண்டும். கொலு வைத்த வீடுதோறும் சுண்டல். ஒரு வீட்டில் கொண்டைக்கடலை, அடுத்த வீட்டில் பட்டாணி, அதற்கடுத்த வீட்டில் மொச்சை. ஐந்தாம் நாள் மாலைக்குள் வயிறு எச்சரிக்கத் தொடங்கிவிடும். ஒரு பாட்டுப் பாடினால் இரண்டாம் பொட்டலமும் கிடைக்கும். மிகுதி புகுந்த இடத்தில் நினைவு தங்குவதில்லை என்பதால், சுண்டலைப் பற்றிய பேச்சு எப்போதும் நகைச்சுவையாகவும், பொங்கலைப் பற்றிய பேச்சு எப்போதும் ஏக்கமாகவும் அமைகிறது. முழுஆண்டு விடுமுறையின் பலாப்பழத்துக்கும் இதே விதி. இன்னும் ஐயம் இருப்பவர்கள் அரையாண்டு விடுமுறையிலேயே தாராளமாக வழங்கப்பட்ட ஒரே பொருளை எண்ணிப் பார்க்கட்டும்: எல்லா வினாத்தாளுக்கும் மூன்று முறை விடையெழுதி வரவேண்டும் என்ற வீட்டுப்பாடம். அதைக் கண் கலங்க நினைவுகூர்ந்தவர் ஒருவரும் இலர். கலங்கியது டிசம்பர் 31 இரவு, அதுவும் வேறு காரணத்தால்.

பற்றாக்குறை மட்டும் போதுமென்றால் நியாயவிலைக் கடை வரிசையும் இனித்திருக்க வேண்டுமே என்று கேட்பவருக்கு ஒரு திருத்தம் தரலாம். குறைவாகக் கிடைத்த பொருள் அவசியமற்றதாகவும் இருக்கவேண்டும். அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காவிட்டால் அடுப்பெரியாது; தொன்னைப் பொங்கல் கிடைக்காவிட்டால் வீட்டில் இட்லி இருந்தது. அந்தப் பாதுகாப்பில் நின்றுதான் பிள்ளைகளால் ஒரு மிளகுக்காக வருந்தி மகிழ முடிந்தது. வீட்டில் இட்லி இல்லாத பிள்ளைகளும் அதே வரிசையில் நின்றார்கள் என்பதையும், அவர்களுடைய நினைவுக்கு இக்கோட்பாடு பொருந்தாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அது காலைச் சாப்பாடு; அவர்கள் குல்லா அணிந்து வரவுமில்லை, பட்டர்களும் பெரும்பாலும் அவர்கள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

இம்முடிபுகளிலிருந்து சில பரிந்துரைகள் தாமே எழுகின்றன. அரையாண்டு விடுமுறையை எக்காரணம் கொண்டும் ஒரு நாள்கூட நீட்டக் கூடாது. மடைப்பள்ளிகள் தொன்னையின் அளவை உயர்த்தலாகாது. கூடுதல் முந்திரிக்கு நன்கொடை தர முன்வருவோரைப் பணிவுடன் திருப்பி அனுப்ப வேண்டும். உணவகங்களில் எந்த நாளும் எந்த வேளையும் கிண்ணம் நிறைய நெய்ப்பொங்கல் கிடைப்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால், குறைந்தபட்சம் மார்கழியிலாவது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லாதிருக்கலாம். வீட்டுப்பாடத்தை மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை எழுதச் சொல்வதால் தீங்கொன்றுமில்லை. இப்பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகள் கட்டுரையாளரின் பெயரையும் தெருவையும் வெளியிடாதிருக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விடுமுறை நாட்களில் அந்தத் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், சன்னல்களுக்குக் கம்பி கிடையாது.