வளவுக்குள்ள வாவி

ஸ்காபரோ,
ஜூன் மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

 

வெண்டியும் கத்தரியும் நட வெளிக்கிட்ட கதைய எழுதினாத்தான் மனசாறும். அங்க எண்டா மண்வெட்டியத் தூக்கினாச் சரி. இங்க குழி வெட்டுறதுக்கு முன்னம் போன் எடுத்து அறிவிக்க வேணும், சட்டம். ஆக்கள் வந்து நிலத்துக்குக் கீழ என்ன ஓடுதெண்டு பார்த்து, மேல நிறக் கொடியால குறி போடுவாங்க: மஞ்சள் காஸ், சிவப்பு கரண்ட், நீலம் குடிதண்ணி, பச்சை கழிவுத்தண்ணி. அதுக்குக் காசு வாங்குறதில்ல. ஆனா ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் தோரணம் கட்டின மாதிரி வளவு முழுக்கக் கொடி. பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்?" எண்டு கேட்டுட்டா.

கொடிகளுக்குத் தூரமாத்தான் வெட்டினன். ஒண்டரை அடி இறங்கியிருக்கும், குப்பெண்டு ஒரு மணம். கூழ்முட்டை! மறுகா என்ன, எனக்கு நம்மட கல்லடி வாவிக்கரை ஞாபகம் வந்திட்டுது. தண்ணி வத்தின நாளில கண்டல் வேரடியில கால் புதைஞ்சா வருமே, அதே மணம். கண்ண மூடி ஒள்ளுப்பம் இழுத்தன்.

உங்கட மச்சாள் குசினிக்குள்ள இருந்து "காஸ்!" எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தா. சுவிச்ச தொடாம, புள்ளைகள இழுத்துக்கொண்டு தெருவுக்கு அங்கால போய் நிண்டுதான் போன் எடுத்தா. அவ செஞ்சது சரி. காஸுக்குச் சொந்தமா மணமே இல்லக்கா. 1937இல டெக்சாஸில ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கீழ மணமில்லாம கசிஞ்ச காஸ் வெடிச்சு, ஏறத்தாழ 300 பேர் செத்தாங்க, கூடுதலாப் புள்ளைகள். அதுக்குப் பிறகுதான் கந்தக நாத்தத்த வேணுமெண்டே கலக்கச் சட்டம் போட்டாங்க.

காஸ்காரன் வந்து குழிக்குள்ள ஒரு கம்பிய விட்டான். மெசின் மூச்சுக் காட்டல்ல. "காஸ் இல்ல" எண்டான். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டத ஒரு மாதிரித்தான் பார்த்திட்டுப் போனான்.

பிறகு நானே கிளறினன். மண் மை மாதிரிக் கறுப்பு. அதுக்குள்ள கடதாசி ஒட்டின வெள்ளைக் கட்டிகள். வீடு கட்டின புண்ணியவான் மிஞ்சின ஜிப்சம் பலகைகளப் புதைச்சுப்போட்டு, மேல புல்ல விரிச்சிட்டுப் போயிருக்கான்! ஜிப்சத்திலயும் கந்தகம் இருக்கு, நம்மட வாவிக்குள்ள வாற கடல்தண்ணியிலயும் இருக்கு. ஈரத்துக்குள்ள காத்துப் போகாட்டி ஒரு வகைக் கிருமி அதப் பிடிச்சு அந்த நாத்தக் காத்தாக்குது. அது மண்ணில இருக்கிற இரும்போட சேர, சேறு கறுத்துப்போகுது. சமையல் ஒண்டுதான், சட்டிதான் வேற.

ஆனா குழிக்குள்ள தலைய விட்டு மோந்து பாக்கக் கூடாதுக்கா. அந்தக் காத்துக் கூடினா மூக்கு மரத்துப்போகும். மணம் போயிட்டுதெண்டு நாம நினைப்பம், அது அங்கதான் நிக்கும்.

அந்தக் கட்டிகள் இப்ப பன்னிரண்டு பையில கராஜுக்குள்ள கிடக்கு. என்ட கையுறைக்கு வீட்டுக்குள்ள அனுமதியில்ல.

கிணத்தடியில வாழைக்குக் குழி வெட்டேக்க நாறினதெண்டு எழுதியிருந்தீங்க. கறுப்புச் சேறும் கூழ்முட்டை மணமும் வாவிக்கரையில புதினமில்ல. கக்கூசு நாத்தமெண்டா கதை வேற. நம்மட மணல் தரையில மலசலகூடக் குழித் தண்ணி சுருக்கா ஊறிக் கிணத்துக்கு ஓடலாம். அப்பிடி நாறினா கிணத்துத் தண்ணியக் குடிக்காம, சுகாதாரப் பரிசோதகரக் கூப்பிட்டுக் காட்டுங்க. கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தினை அடி எண்டு அத்தானைக் கொண்டு அளந்து, அடுத்த கடிதத்தில எழுதுங்க.

அன்புள்ள,
தம்பி