கண்டபடி அடுக்கும் முறை: ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஒட்டுத்துணிப் போர்வை தைப்போரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: துணிப்பட்டைகளை எந்த வரிசையில் தைப்பது? திட்டமிட்டு அடுக்குவோர் ஒரு கட்சி. அவர்கள் காகிதத்தில் கட்டம் போட்டு, எண்ணிட்டு, தைத்து, தூங்கப் போய்விடுவார்கள். ஆராய அதில் ஒன்றுமில்லை. "கண்டபடி அடுக்கறேன்" என்போர் மறு கட்சி. விடிய விடிய விளக்கெரிவது இவர்கள் வீட்டில்தான். கண்டபடி அடுக்குவதே ஆக அதிக உழைப்பைக் கோருவது என்பது நம் துணிபு.

முன்னோருக்கு இத்தொல்லை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பெருவழக்காயிருந்த 'லாக் கேபின்' கட்டத்தில் நடுவே ஒரு சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. மரக்குடிலின் கணப்படுப்பு அது என்பது ஐதிகம். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் வெளிர் நிறம், மறு பக்கம் அடர் நிறம். எது அடர் நிறம் என்று ஐயம் எழின் கண்ணை இடுக்கிப் பார்க்க. அதிலும் தெளியாவிடின் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியே பார்க்க. சிவப்புத் துணிக்கு இப்பிரமாணம் செல்லாது.

குழப்பம் வந்தது கடையிலிருந்து. இரண்டரை அங்குல அகலத்தில் நாற்பது பட்டைகளைச் சுருட்டி 'ஜெல்லி ரோல்' என்று விற்கிறார்கள். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போக, போர்வையில் தெரிவது இரண்டு அங்குலம். பட்டைகளை முனையோடு முனை இணைத்தால் ஏறத்தாழ 1,600 அங்குல நாடா. அதைப் பாதியாக மடித்து, நீளவாக்கில் தைத்து, மடிப்பை வெட்டி, மறுபடி மடித்துத் தைத்து, இப்படி ஐந்து முறை செய்தால் 50க்கு 64 அங்குலப் போர்வை. எந்தப் பட்டை எதன் பக்கத்தில் விழும் என்பது மடிப்புக்கே வெளிச்சம்.

நாடாவாகத் தைக்குமுன் வரிசை வேண்டுமே எனின், அதற்குக் கருவி பழுப்புக் காகிதப் பை. பட்டைகளைப் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எடுத்து, வந்ததைத் தைக்க வேண்டும் என்பது சட்டம். பச்சையை அடுத்துப் பச்சையே வந்தால் திரும்பப் பைக்குள் போடுவது வழுவமைதி. பிறகு மஞ்சள் வருகிறது, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அது எடுக்கவில்லை, அதுவும் பைக்குள். அடுத்த கத்திரிப்பூ நிறம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "இதைக் கடைசிக்கு வெச்சுக்கலாம்." சற்று நேரத்தில் சட்டத்தில் மிஞ்சுவது பை மட்டுமே.

இவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 20 டிசைன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டைகள் என்க. ஒரு ஜோடி அடுத்தடுத்து விழும் வாய்ப்பு 20ல் 1. இருபது ஜோடிக்கும் கூட்டினால், சராசரியாக ஒரு ஜோடி ஒட்டி உட்காரும். ஒன்றுகூட ஒட்டாமல் தப்புவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஆக, மெய்யான தற்செயல் தற்செயலாகத் தோன்றாது. "அடடா, ரெண்டு நீலம் சேர்ந்து போச்சே" என்று பார்ப்பவர் சொல்லாதிருக்க வேண்டுமானால், பார்த்துப் பார்த்துத்தான் கண்டபடி அடுக்க வேண்டும்.

சுவரில் ஃபிளானல் துணியை மாட்டினால் பட்டைகள் குண்டூசியின்றியே ஒட்டி நிற்கும். நான்கடி பின்வாங்கிக் கண்ணை இடுக்கி, ஒன்றை இடம் மாற்றினால், அது போன இடத்தில் அதன் இணை ஏற்கெனவே இருக்கும். இந்நிலையில் கணவரை அழைத்து "எது நல்லாருக்கு?" என்று கேட்பது மரபு. அவர் காட்டாததே தேர்ந்தெடுக்கப்படும். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்பது விடையாகாது.

புறநடை: வீட்டில் பூனை இருப்பின், தரையில் பரப்பிய பட்டைகள் மேல் அது ஓடிச் சறுக்கி விளைவிக்கும் வரிசை, நாம் அறிந்தவரை கலப்பற்ற கண்டபடி. அதையும் யாரும் அப்படியே தைப்பதில்லை.