டிக்கெட் வாங்கிப் போல்ட்டு பாத்த கதை

ஏங்கண்ணு, தண்ணிப் பார்க்குக்குப் போறயாமா? போ சாமி, நல்லாப் போ. தண்ணியில உளுந்து எந்திரிச்சு, மூக்குல தண்ணி ஏறி இருமிட்டு வரத்தானே போற? அதில்லையா? போட்டோ எடுக்கப் போறயா? சறுக்கலை எடுக்க மாட்ட. அலையை எடுக்க மாட்ட. கூட வந்த பொண்டு புள்ளைகளையும் எடுக்க மாட்ட. பின்ன எதைத்தான் எடுப்பே? "யாரும் பாக்காத சின்னச் சின்ன விசயங்களை"யா?

அட என்ற சாமி! யாரும் பாக்காததைப் பாக்கறதுக்கு எதுக்குடா டிக்கெட்டு? திருப்பூரு காதர்பேட்டையில என்ற பனியன் கடை வாசப்படியில ஒரு பொழுது உக்காரு. யாரும் பாக்காதது ஓசியிலயே லாரி லாரியா வந்து எறங்கும்.

என்ற பேரனும் உன்ற வயசுக்காரன்தான். போன கோடையில மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான். ஊட்டி ரோட்டுல, நீலகிரி அடிவாரத்துல இருக்குதே, அதேதான். திருப்பூருக்காரனுக்கு அது என்ன புதுசா? பனியன் கம்பெனியில டூருன்னா ஒண்ணு கொடிவேரி, இல்லீன்னா பிளாக் தண்டரு. சனிக்கெழமை சம்பளம், ஞாயித்துக்கெழமை வேன். பேட்லாக் டெய்லரு, கைமடி, செக்கிங், அயர்ன் மாஸ்டர், அல்லாரும் ஒட்டுக்கா ஏறுவாங்க. போற வழி முச்சூடும் பாட்டு. வர்ற வழி முச்சூடும் தூக்கம். எவன்கிட்டயும் கேமரா கெடையாது. சந்தோசத்துக்கு ஒண்ணும் கொறை இருந்ததாத் தெரியலை.

பேரன் போனதும் என்ன பண்ணுனான் தெரியுமா? பொம்மை யானை ஒண்ணு நிக்குது. யானையை எடுக்கலை, கால் நகத்தை எடுத்தான். தண்ணியில உளுந்தவங்களைத் தூக்கி உட ஒரு பையன் விசிலோட நிக்கறான். அவனை எடுக்கலை, விசில் தொங்கற கவுத்தை எடுத்தான். லாக்கர் சாவியை மணிக்கட்டுல மாட்ட ரப்பர் வளையம் தர்றாங்க, அதுக்கு மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் போட்டோ. கடைசியில ஒரு தூணுக்குக் கீழ போல்ட்டு ஒண்ணைப் பாத்துட்டான். அவ்ளோதான். குப்புறப் படுத்துட்டான் தரையில.

அந்தப் பக்கமா வந்த காவக்காரரு பதறிப் போயி, "ஏனுங்க தம்பி, ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"ன்னு கேக்கறாரு. எம்பேரன், "இல்லீங்கண்ணா, இந்த போல்ட்டு நெம்ப அழகா இருக்குதுங்க"ங்கறான். காவக்காரரு என்னையப் பாத்தாரு. நான் மலையைப் பாத்தேன். வேற என்ன பண்றது?

"அதென்னடா அதுல?"ன்னு கேட்டேன். "தாத்தா, பச்சைப் பெயிண்ட்டுக்கு அடியில நீலம் தெரியுது பாருங்க, நீலத்துக்கு அடியில மஞ்சள்." பாத்தேன். தெரிஞ்சுது. உங்கூட்டுக் கேட்டுக்கும் அப்புடித்தான், உங்கொப்பன் கண்ணாலத்துக்கு ஒரு பச்சை, உங்கக்கா சீருக்கு ஒரு நீலம், தீவாளிக்கு ஒரு சிவப்பு. ஒருநாளு குனிஞ்சு பாத்திருப்பயாடா அதைய?

இந்தப் பைத்தியம் எங்கெ இருந்து வந்துதுன்னு வெசாரிச்சேன். அமெரிக்காவுல இருந்தாமா. அதான பாத்தேன்.

கலிபோர்னியாவுல அனாஹைம்னு ஒரு ஊரு. அங்கெ வால்ட் டிஸ்னிங்கற மனுசன் 1955 ஜூலை 17ஆம் தேதி ஒரு பார்க்கைத் தொறந்தாரு. அவரு கெட்டிக்காரரு, அதுல சந்தேகமில்லை. வாசல்ல நொழைஞ்சதும் ஒரு கடைவீதி. அதுல கீழ்மாடி ஓரளவு சரியான அளவு. மேல போகப் போக மாடியை சிறுசாக் கட்டிட்டாரு. கட்டடம் ஒசரமாத் தெரியோணும், அதே சமயம் புள்ளைக மெரளக் கூடாது. மாடி சன்னலுகள்ல கடைப் பேரு மாதிரி எழுதியிருக்கும். படிச்சுப் பாத்தா அதைக் கட்டுன ஆளுகளோட பேருக. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி தினுசுல குப்பைத்தொட்டி. கண்ணுல படக்கூடாத கதவு, கம்பியெல்லாம் மறைஞ்சு போற மாதிரி ஒரு பச்சைக் கலரு. அங்கங்கெ மூணு வட்டத்தைச் சேத்து வெச்சு எலி மூஞ்சியை ஒளிச்சிருப்பாங்க. அதைத் தேடறதுக்குன்னே வருசா வருசம் போறவங்க இருக்கறாங்க. குப்பைத்தொட்டியைப் போட்டோ எடுக்கறதுக்குன்னே போறவங்களும் இருக்கறாங்க. நம்மூரு குப்பைத்தொட்டியைப் பாத்தா மூக்கைப் புடிச்சுட்டு அக்கட்ட போற பையன், அங்கெ போனா அதுக்கு முன்னாடி மண்டி போடறான்!

எனக்கு அந்தக் கதையில புடிச்சது வேற. தொறக்கறதுக்கு முன்னாடி அந்த ஊருல பைப்பு வேலைக்காரங்க ஸ்ட்ரைக்கு. குடிக்கற தண்ணிக் கொழாயை முடிக்கறதா, கக்கூசை முடிக்கறதா? ரெண்டுக்கும் நேரமில்லை. டிஸ்னி கக்கூசுன்னு சொல்லிட்டாரு. தொறந்த அன்னிக்குக் கொளுத்துற வெய்யிலு. புதுசாப் போட்ட தாரு எளகி, பொம்பளைங்களோட குதிகால் செருப்பு உள்ளெ எறங்கிப் போச்சு. தண்ணி கெடைக்கலைன்னு சனம் வஞ்சுது. வஞ்சா வையட்டும். தண்ணியைக் கடையில வாங்கிக்கலாம், இன்னொண்ணை எங்கெ போயி வாங்கறது? குடும்பம் நடத்துன மனுசனோட ரோசனை அது. பார்க்குல பாக்கறதுக்கு இதைய விடச் சின்ன விசயம் வேணுமா உனக்கு? எந்தக் கேமராவுலயும் விழாது, அதான் சங்கடம்.

சரி, இங்கெ வா. சின்னதைப் பாக்கறதுல பெரிய ஆளு யாருன்னு காட்டறேன்.

ஏதாச்சும் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயி செக்கிங் டேபிளு கிட்ட நில்லு. மேல டியூப்லைட்டு. முன்னாடி குமிச்சு வெச்ச பீஸ். அந்தப் புள்ளை ஒண்ணை உருவுவா. கழுத்து ரிப்பு, சோல்டரு, கை, பக்கத் தையல், கீழ மடிப்பு. விரல் ஓடற வேகத்துக்கு உன்ற கண்ணு ஓடாது. திருப்பிப் போடுவா, உள்பக்கம். பிசிறு இருந்தா ஒரு வெட்டு. எண்ணெய்க் கறை இருந்தா தனியா ஒரு பக்கம். ஊசி குத்துன கடுகத்தனை ஓட்டை ஒண்ணு இருக்கும், நீயும் நானும் வெளிச்சத்துல புடிச்சாலும் தெரியாது. அவ டக்குனு நிறுத்துவா. ஒரு சின்ன செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து அதுக்கு நேரா ஒட்டுவா. அடுத்த பீஸ். ஒண்ணரை ஷிப்டும் இதேதான். அதுக்குப் பொறகு பையர் ஆபீசுல இருந்து ஒருத்தரு வந்து, ஏ.க்யூ.எல். 2.5ன்னு ஒரு கணக்கை வெச்சுட்டு, பெட்டியில இருந்து அங்கொண்ணு இங்கொண்ணு உருவி மறுக்கா பாப்பாரு. அளவுக்கு மேல கொறை இருந்தா ஒட்டுமொத்தமும் திரும்பிடும்.

அந்தப் புள்ளை என்னைக்காவது நான் பெரிய கலைக்கண்ணு உள்ளவன்னு சொல்லியிருப்பாளா? சொல்ல மாட்டா. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுவா.

அவ ஒட்டுன அம்புக்குறியோட அந்த பீஸு எங்கெ வருது? இங்கெதான், காதர்பேட்டைக்கு. செகண்ட்ஸ். அம்பை உரிச்சுட்டு, பசை நின்னா தொடைச்சுட்டு அடுக்கிருவோம். கழுத்து லேபிள்ல கத்திரியால ஒரு வெட்டு இருக்கும், அதையும் நாங்க மறைக்கறதில்லை. நீ அமெரிக்கா போயி தேடற எலி மூஞ்சி இருக்குதே, அந்தச் சாயல்ல படம் போட்ட டீ-சர்ட்டு இங்கெ மூட்டையா வந்து விழும். காது ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா பிரிண்ட்டாகி இருக்கும். அதெல்லாம் உன்ற கண்ணுக்குப் படாது. வெலை மட்டும்தான் படும்.

நீ போற வழியையே எடுத்துக்கோயேன். திருப்பூருல இருந்து வண்டி கெளம்புனா திருமுருகன்பூண்டி. ரோட்டோரம் கல்லுச் சிற்பக்காரங்க பட்டறை. கண்ணு இன்னும் தொறக்காத சாமி, தும்பிக்கை பாதியில நிக்கற புள்ளையாரு, உளியில இருந்து பறக்கற கல்லுப் பொடி. அடுத்தது அவிநாசி. முதலை முழுங்குன பையனை சுந்தரர் பாடித் திரும்ப வரவெச்சாருன்னு சொல்ற ஊரு அது. முதலை வாயில இருந்து புள்ளை வெளிய வர்றதைக் கல்லுலயே அடிச்சு வெச்சிருக்காங்க. கேமராவுக்கு இதைய விட என்னடா வேணும்? எம்பேரன் இந்த ரெண்டு ஊரும் போறப்ப காதுல ஒயரை மாட்டிட்டுக் கண்ணை மூடியிருந்தான். அன்னூரு தாண்டித்தான் முழிச்சான். "தாத்தா, பார்க்கு வந்துருச்சா?"

பார்க்கைத் தாண்டி சித்தெ தூரம் போனா கல்லாறு. மலை ரயில் போற வழி. ரயிலைப் போட்டோ எடுக்காதவன் இல்லை, புகையை எடுக்காதவன் இல்லை. தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு கம்பி கெடக்குது, பாத்திருக்கறயா? ஒண்ணில்லை, ரெண்டு வரிசை. ஒரு வரிசைப் பல்லுக்கு நேரா மத்த வரிசையில பள்ளம் இருக்கும். ஏன் அப்புடி? எஞ்சினோட பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாச்சும் ஒரு பல்லைக் கடிச்சுட்டு இருக்கோணும். உட்டா வண்டி பின்னாடி உருண்டுரும். 1899ல குன்னூரு வரைக்கும் ரயிலு உட்டதுல இருந்து அந்தப் பல்லுதான் வண்டியை மலை ஏத்துது. சின்ன விசயம்னா இது சின்ன விசயம்! "அழகா இருக்குது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வர்றதா? "இதெதுக்கு இங்கெ கெடக்குது?"ன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?

மெட்ராசுல வி.ஜி.பி. கோல்டன் பீச்சுல ஒரு சிலை மனுசன் இருந்தாரு. உங்கொப்பன் சின்னப் பையனா இருக்கறப்பக் காட்டியிருக்கறேன். மீசை, தலப்பா, ராஜா வீட்டுக் காவக்காரன் வேசம். அசைய மாட்டாரு, சிரிக்க மாட்டாரு. சனம் சுத்தி நின்னு கொரங்குச் சேட்டை பண்ணும், சிரிக்க வெக்கறதுக்கு. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிரும். அவரு பாத்திருப்பாரு கண்ணு, அந்தப் பார்க்குல நடந்த சின்ன விசயம் அத்தனையும். யாரு புள்ளையைத் தொலைச்சாங்க, யாரு ஐஸ்கிரீமைக் கீழ போட்டாங்க, எந்தப் புருசன் பொண்டாட்டி சண்டை போட்டுட்டு வந்து போட்டோவுக்கு மட்டும் சிரிச்சாங்க, அத்தனையும். ஒரே எடத்துல நிக்கறவன் கண்ணுக்குத்தான் அதெல்லாம் விழும். நீயும் எம்பேரனும்தான் ஒரு எடத்துல நிக்க மாட்டீங்கறீங்களே. நகத்துல இருந்து கவுத்துக்கு, கவுத்துல இருந்து போல்ட்டுக்குத் தாவிட்டே இருக்கறீங்க.

கெழவன் ஒரேடியா வையறான்னு நெனைக்காதே. உன்ற பக்கமும் ஒரு ஞாயம் இருக்குது, சொல்லாம உட்டா எனக்குத் தூக்கம் வராது.

2023 ஜூன் மாசம் ஒரு ராத்திரி இங்கெ பனியன் பஜாருல தீப்புடிச்சுது. கடை கடையாப் போச்சு. எரியறதை எடுக்காத செல்போனு இல்லை. விடிஞ்சதும் சாம்பலை எடுக்க டி.வி.க்காரங்க வந்தாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்தச் சந்து எப்புடி இருந்துது? தகரத்துல இருந்து கொக்கி கொக்கியாத் தொங்குன ஜட்டி, பெட்டி மேல ஸ்கெட்ச் பேனாவுல எழுதுன வெலை, மழைத்தண்ணி ஒழுகாம இருக்கக் கட்டுன தார்ப்பாயி, கல்லாப்பெட்டி மேல ஒட்டுன சாமி படம். எவனாச்சும் அதையெல்லாம் ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தான்னா எனக்குக் காட்டு. தினமும் பாத்தது, அதனால யாரும் பாக்கலை.

அதனால எடு. பார்க்குலயும் எடு. ஆனா போல்ட்டை எடுத்தீன்னா, அதுக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கற ஆளு அங்கெதான் எங்கயாச்சும் டப்பாவோட சுத்திட்டு இருப்பான். அவனைத் தேடிப் புடி. எதுக்கு நீலத்தை மாத்திப் பச்சை அடிச்சேன்னு கேளு. சொல்லுவான். டீ ஒண்ணு வாங்கிக் குடுத்தீன்னா இன்னும் எச்சாவே சொல்லுவான். அலை அடிக்கற குளத்துல ஆழமான பக்கத்துச் சுவரைப் பாரு. இந்த மாதிரிக் குளங்கள்ல பெரும்பாலும் அதுக்குப் பின்னாடிதான் காத்தை அமுக்கித் தண்ணியைத் தள்ற மெசினு உக்காந்திருக்கும். அதை ஓட்டறவன் காது என்ன கதியாயிருக்குதுன்னு கேளு. போட்டோவை அப்புறம் எடு.

இன்னொண்ணு, மறந்துராதே. இந்தத் தண்ணிப் பார்க்குகள்ல பஞ்சுத் துணியோட குளத்துல எறங்க உட மாட்டாங்க. நூலு உதுந்து தண்ணி சுத்தம் பண்ற பில்டரை அடைச்சுக்குமாமா. நைலானு, பாலியஸ்டருதான் போடோணும். பஞ்சை வெச்சே பொழைக்கற ஊருக்காரன் பஞ்சைக் கழட்டி வெச்சுட்டுக் குளத்துல எறங்கோணும், கெரகத்தே! அந்த வாசல்ல நின்னா அவங்களே ஒரு டவுசரை வாடகைக்கோ வெலைக்கோ குடுப்பாங்க. எதுக்கு? என்ற கடையில நைலான் டவுசரு இருக்குது, எல்லா சைஸும். ஞாயித்துக்கெழமை போறதுன்னா வெள்ளிக்கெழமையே வந்துரு. சனிக்கெழமை சம்பள நாளு, கூட்டத்துல உன்னைய நான் கவனிக்க முடியாது. கடையில எதை வேணாலும் போட்டோ எடுத்துக்கோ, கொக்கியை எடு, கத்திரியை எடு, என்ற கால் நகத்தைக் கூட எடு. ரூவாயை மொதல்ல குடுத்துட்டு எடு.