காற்றடித்தால்தான் காபி

ஸ்வீடனின் லிண்ட்க்விஸ்ட் 1892இல் பிரைமஸ் என்ற பம்ப் ஸ்டவ்வைச் செய்தார். அமுண்ட்சென் அதைத் தென் துருவத்துக்குத் தூக்கிப் போனார். டென்சிங்கும் ஹிலாரியும் 1953இல் எவரெஸ்ட்டுக்கு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிக்கோ சிகரமே வேறு: ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழே சத்தமில்லாமல் காபி போடுவது. பம்ப் ஸ்டவ் ஊரைக் கூட்டும். அதனால் விவரமானவர்கள் திரி ஸ்டவ்வுக்கு மாறினார்கள்.

இப்போது அவர்களின் பேரன் மலையேற்றத்துக்கென்று ‘பல எரிபொருள் அடுப்பு’ வாங்குகிறான், பல ஆயிரம் ரூபாய்க்கு. காற்றடிக்க வேண்டும், பர்னரை முதலில் சூடாக்க வேண்டும், அடைத்தால் குத்த வேண்டும். பாட்டி இதையெல்லாம் காணொளி பார்க்காமலே செய்தாள். புதுமை ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட: சில அடுப்புகளில் எரிபொருளுக்கேற்ப, அது பீறிடும் ஜெட்டை மாற்றலாம். மண்ணெண்ணெய்க்குப் பெட்ரோலைவிடச் சிறிய துளை.

எரிபொருள்தான் சிக்கல். ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு சுருங்கிவிட்டது. பெட்ரோல் வாங்கலாமென்று பிளாஸ்டிக் பாட்டிலோடு பங்குக்குப் போனால், ஊழியர் முதலில் பாட்டிலைப் பார்க்கிறார், பிறகு முகத்தை. டேங்கில் மட்டும்தான் ஊற்றுவாராம்.